நன்றியுரையின் கடைசி வரியில் இருப்பவர்கள்

தென்காசிப் பக்கம் எந்தப் பள்ளியின் ஆண்டு விழா அழைப்பிதழை எடுத்தாலும் வரிசை ஒன்றுதான். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, ஆண்டறிக்கை, தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை, பரிசளிப்பு, கலை நிகழ்ச்சிகள், நன்றியுரை, நாட்டுப்பண். 'முன்னிலை' என்பதற்குக் கீழே ஒரு பெரிய பெயர்ப் பட்டியல் இருக்கும். மாலை ஐந்து மணி என்று போட்டிருந்தால் ஆறரைக்குத் தொடங்கும். மேடை ஏறிய ஒவ்வொருவருக்கும் சால்வை போர்த்தி, நினைவுப் பரிசு கொடுத்து, படம் எடுத்து முடிக்கவே முக்கால் மணி நேரம் ஓடிவிடும். மேடைக்குப் பின்னால் வேஷம் கட்டிய ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், பூசிய பவுடர் வியர்வையில் கரைய, தங்கள் முறைக்காக நின்றுகொண்டிருப்பார்கள்.

பரிசளிப்பு வரும்போது நேரமாகியிருக்கும். பெயர்களை ஒரே மூச்சில் வாசிப்பார்கள். பிள்ளை மேடை ஏறி, எவர்சில்வர் டம்ளரையோ டிபன் பாக்ஸையோ வாங்கி, கேமராவைப் பார்ப்பதற்குள் அடுத்த பெயர் வந்துவிடும். எதற்காக அந்தப் பரிசு என்பது கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. கடைசியாக நன்றியுரை. அதற்குள் பின்வரிசையில் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருப்பார்கள். மைக் செட், பந்தல் போட்டவர் என்று வரிசையாக வந்து, "அலுவலகப் பணியாளர்கள், சத்துணவுப் பணியாளர்கள், தூய்மைப் பணியாளர்கள் மற்றும் இவ்விழா சிறக்க உழைத்த அனைவருக்கும்" என்று ஒரு வரி. ஆண்டு முழுவதும் அந்தப் பள்ளியைத் தாங்கியவர்களுக்குக் கிடைக்கும் பொது அங்கீகாரம் அவ்வளவுதான். அதிலும் பெயர் இருக்காது.

இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. அழைப்பிதழில் சில வரிகளை மேலும் கீழும் நகர்த்துவதோடு இது முடிந்துவிடாது. ஒரு பள்ளி யாரைக் கூப்பிட்டு, என்ன சொல்லிப் பாராட்டுகிறது என்பதில், அந்தப் பள்ளி ஆண்டு முழுவதும் யாரைக் கவனித்தது என்பது தெரிந்துவிடும். அந்தக் கவனிப்பு மாற வேண்டும்.

இன்று இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அரசுப் பள்ளிகளிலும் ஆண்டு விழா நடத்த வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறை சில ஆண்டுகளாக வலியுறுத்தி, அதற்குத் தொகையும் ஒதுக்குகிறது. 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழா, பள்ளி அளவில் இருந்து மாநில அளவு வரை பறையும் பொம்மலாட்டமும் களிமண் சிற்பமும் தெரிந்த பிள்ளைகளுக்கு மேடை கொடுத்திருக்கிறது. கணக்கில் முப்பத்தைந்து மதிப்பெண்ணுக்குத் திணறுகிற பையன் 'கலையரசன்' பட்டத்தோடு ஊருக்குத் திரும்புகிறான். இது நல்ல மாற்றம், மனதார வரவேற்க வேண்டியது. மேடை விரிந்துவிட்டது. அந்த மேடையில் யார் நிற்கிறார்கள், அவர்களைப் பற்றி என்ன பேசப்படுகிறது என்பதை இனி பள்ளிகளும் ஊரும்தான் தீர்மானிக்க வேண்டும்.

இதற்குத் தென்காசிக்காரர்கள் வெளியூரில் போய்ப் பாடம் கற்க வேண்டியதில்லை. ஊர் நடுவில் நிற்கும் காசி விசுவநாதர் கோயிலிலேயே அது கல்லில் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் அங்கே பாடலாகவே ஒரு செய்தியைப் பொறித்து வைத்தான். பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதேனும் குறை நேர்ந்தால், அதைச் சரிசெய்து காக்கிறவர் யாராக இருந்தாலும், உலகம் அறிய அவரைப் பணிகிறேன் என்பது அதன் பொருள். கட்டியவன் அரசன். அவன் பணிவதோ, இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத, பழுது பார்க்கப் போகிற யாரோ ஒருவரை. கோபுரம் பின்னாளில் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாகவே நின்றது. ஊரும் அரசும் அன்பர்களும் சேர்ந்து ஒன்பது நிலையில் எழுப்பி 1990-இல் குடமுழுக்கு செய்தார்கள். பராக்கிரம பாண்டியன் பணிந்தது அந்தக் கொத்தனார்களையும் சிற்பிகளையும் சாரம் கட்டியவர்களையும் சேர்த்துத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் கல்வெட்டில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. கட்டியதைக் காப்பாற்றுகிறவருக்குக் கட்டியவன் வணக்கம் சொல்கிறான் என்பது ஒன்று. அதைத் தனியே கூப்பிட்டுச் சொல்லாமல், ஊரறியச் சொல்கிறான் என்பது மற்றொன்று. நம் பள்ளிகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். வகுப்பறை கட்டப் பணம் கொடுத்தவரின் பெயர் சுவரில் பளிங்குக் கல்லில் இருக்கிறது. அது இருக்கட்டும், கொடை கொடுத்தவரை மறக்கக் கூடாது. ஆனால், அந்த வகுப்பறையை இருபது வருடமாகக் கூட்டிப் பெருக்குகிறவரின் பெயரைப் பள்ளியில் எந்தச் சுவரும் சொல்வதில்லை. தலைமையாசிரியர் அறையில் ஒரு மரப்பலகை மாட்டியிருப்பார்கள்: இதுவரை பணியாற்றிய தலைமையாசிரியர்கள், பெயர், பட்டம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை. ஆறு மாதம் மட்டும் இருந்து மாறுதலில் போனவர் பெயரும் அதில் உண்டு. பக்கத்தில் இன்னொரு பலகை வைக்க யாரும் நினைத்ததில்லை.

மாணவர்களைப் பாராட்டுவதில் நாம் பழகிய வழி மதிப்பெண். மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் என்று அறிவித்த காலம் ஒன்று இருந்தது. பத்தாம் வகுப்பில் 2014-இல் 499 மதிப்பெண்ணோடு 19 பேர் மாநில முதலிடம் பெற்றார்கள். மறு ஆண்டு அதே 499 மதிப்பெண்ணோடு 41 பேர். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே ஒரே ஒரு மதிப்பெண். அந்த ஒன்றை இழந்ததற்காக அழுத பிள்ளைகளை ஊர்தோறும் பார்த்தோம். 2017-இல் தமிழக அரசு இந்தத் தரவரிசை அறிவிப்பை நிறுத்தியது. என் கருத்தில், அண்மைக் காலத்தில் பள்ளிக் கல்வியில் எடுக்கப்பட்ட மிக மனிதநேயமான முடிவுகளில் அதுவும் ஒன்று.

ஆனாலும் மே மாதம் தேர்வு முடிவு வந்த மறுநாள் தென்காசி பேருந்து நிலையத்தில் இருந்து குற்றாலம் சாலை வரை ஃப்ளெக்ஸ் பேனர்கள் எழுந்துவிடுகின்றன. நான்கைந்து பிள்ளைகளின் பாஸ்போர்ட் படம், கீழே மதிப்பெண், மேலே பள்ளி நிர்வாகியின் படம் பெரிதாக. அது பாராட்டு என்ற பெயரில் நடக்கும் ஆள் சேர்ப்பு. அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கு அந்தப் பிள்ளைகளின் முகம் பயன்படுகிறது. அதே பள்ளியில் படித்த மற்றப் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் தினமும் டியூஷனுக்குப் போகிறார்கள். அரசு தரவரிசையை நிறுத்திவிட்டது, நாம் தெருவில் அதை நடத்திக்கொண்டிருக்கிறோம். அரசுப் பள்ளிகளும் இதைப் பார்த்து, "நூறு சதவீதத் தேர்ச்சி" என்பதையே ஆகப் பெரிய பெருமையாகப் பிடித்துக்கொள்கின்றன. நூறு சதவீதம் காட்ட வேண்டிய நெருக்கடியில், தேறமாட்டான் என்று தோன்றும் பையனை ஒன்பதாம் வகுப்பிலேயே வேறு வழி பார்க்கச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது என்ற முணுமுணுப்பைப் பெற்றோரிடம் கேட்காத ஊர் இல்லை. பாராட்டுக்காக ஒரு பிள்ளையை வெளியே தள்ள நேர்ந்தால், அந்தப் பாராட்டு யாருக்கும் வேண்டாம்.

அப்படியானால் எதைப் பாராட்டுவது? எப்படிப் பாராட்டுவது?

குற்றாலம் இதற்கு ஒரு பெரிய பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் தம் பிற்கால வாழ்க்கையைக் கழித்தது அங்கேதான். வழக்கறிஞர் படிப்புப் படித்தவர், பொறுப்பான பதவிகளில் இருந்தவர். ஆனால் தமிழர்கள் அவரை நினைப்பது மற்றவர்களின் பாட்டைப் பாராட்டியதற்காக. ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடிக் குற்றாலம் வந்தார்கள். பள்ளி ஆசிரியராக இருந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் கவிதையைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டுசேர்த்ததில் டி.கே.சி.க்குப் பெரும் பங்கு உண்டு. அவர் பாராட்டிய விதம்தான் நமக்கு முக்கியம். "அருமை, அற்புதம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிட மாட்டார். பாட்டை நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். எந்த இடத்தில் உணர்ச்சி ஏறுகிறது, எந்தச் சொல் அங்கே உட்கார்ந்து வேலை செய்கிறது என்று சுட்டிக் காட்டுவார். கேட்டவர்கள் அதன்பிறகு தாங்களே அதைப் பார்க்கப் பழகினார்கள். டி.கே.சி. 1954-இல் மறைந்தார். அந்த முறை மட்டும் பள்ளி மேடைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஆண்டு விழாவில் ஒரு பிள்ளையை அழைக்கும்போது தலைமையாசிரியர் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: "எட்டாம் வகுப்பு பி பிரிவு. ஜூன் மாதம் சாரல் அடித்த அத்தனை நாளும் இவள் மேலகரத்தில் இருந்து தம்பியையும் குடைக்குள் இழுத்துக்கொண்டு முதல் மணிக்குள் வந்துவிட்டாள். ஆய்வகத்தில் உடைந்த கண்ணாடிக் குழாயை யாரும் சொல்லாமலே எடுத்து அப்புறப்படுத்தியவளும் இவள்தான். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாமல் ஆறாம் வகுப்புக்கு வந்தாள். போன வாரம் ஒரு பக்கத்தை நிற்காமல் வாசித்தாள்." அரை நிமிடம் ஆகும். அந்தப் பெண்ணின் அம்மா அதை ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் ஒன்று புரியும்: நாம் செய்வதை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தென்காசி வட்டாரத்தில் இப்படிப் பார்க்க வேண்டியவை நிறைய. ஜூனில் பள்ளி திறக்கும்போது குற்றாலத்தில் சீசனும் தொடங்கிவிடும். அருவிக்கரையில் கடை போட்டிருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை கிடையாது. ரம்புட்டானும் மங்குஸ்தானும் தட்டில் அடுக்கி, எண்ணெய்த் தேய்ப்புக்கு ஆள் கூப்பிட்டு, ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்பி, திங்கட்கிழமை காலை வகுப்பில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான் பையன். கீழப்பாவூர், ஆலங்குளம், கடையநல்லூர் பக்கம் பீடி சுற்றும் வீடுகள் ஏராளம். அந்த வீட்டுப் பெண் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் இலை வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்கிறார்கள். தூள் நெடி சீருடையில் ஒட்டியிருக்கும். குழந்தை உழைக்கக் கூடாது என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் உழைத்துவிட்டு வருகிற குழந்தையை 'வகுப்பில் தூங்குகிறான்' என்று மட்டும் பதிவு செய்யும் பள்ளி, அவனைப் பற்றிய உண்மையில் பாதியை விட்டுவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பத்திரிகைக்காரர்களான நாங்களும் சேர்ந்து கேட்டுக்கொள்ள வேண்டியது அது. ஏழை வீட்டுப் பிள்ளை சாதித்தால் உடனே வீட்டுக்குப் போய், பீடித் தட்டை மடியில் வைத்த தாயையும் ஓட்டுக் கூரையையும் சேர்த்துப் படம் பிடித்து, 'வறுமையிலும் சாதனை' என்று தலைப்புப் போடுகிறோம். படிக்கும் நமக்குக் கண் கலங்குகிறது. மறுநாள் அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும். அதுவரை தன் வீட்டு நிலைமையை யாரிடமும் சொல்லாத பிள்ளை அது. மாவட்டம் முழுக்க அது இப்போது தெரிந்துவிட்டது. நாம் பாராட்டியது உழைப்பையா, வறுமையையா?

இரக்கத்துக்கும் மதிப்புக்கும் உள்ள தூரத்தைத் தெரிந்துகொள்ள ஆய்க்குடிக்குப் போக வேண்டும். தென்காசியில் இருந்து சில கிலோமீட்டர்தான். எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல், கடற்படை அதிகாரித் தேர்வில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். அந்த நிலையில் சொந்த ஊரான ஆய்க்குடிக்குத் திரும்பி, 1981-இல் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இன்று அது பள்ளியும் மறுவாழ்வு மையமும் கைத்தொழில் பயிற்சியுமாக வளர்ந்து நிற்கிறது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அந்தப் பெயரில் உள்ள 'அமர்' யார் தெரியுமா? ராணுவ மருத்துவமனையில் ராமகிருஷ்ணனுக்குச் சிகிச்சை அளித்து நம்பிக்கை ஊட்டிய மருத்துவர், ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சஹல். தன்னைத் தூக்கி நிறுத்தியவரின் பெயரை, பொதிகை மலை அடிவாரத்துத் தமிழ்க் கிராமத்தில், வாசல் பலகையில் எழுதி வைத்தார் ராமகிருஷ்ணன். அங்கே படிக்கும் பிள்ளைகள் ஒரு பஞ்சாபி மருத்துவரின் பெயரைத் தினமும் சொல்கிறார்கள்.

2024 ஏப்ரலில் குடிமைப் பணித் தேர்வு முடிவு வந்தபோது செங்கோட்டைப் பெண் ஒருவர் தேர்வானார். தாய் பீடித் தொழிலாளி. ஊர் நூலகத்தில் உட்கார்ந்து படித்தவர் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. ஊரே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு இன்னொரு ஆவலும் வந்தது. அந்த நூலகத்தைக் காலையில் திறந்தவர், போட்டித் தேர்வுப் புத்தகம் வேண்டுமென்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டவர், மூடும் நேரம் தாண்டியும் 'படிக்கிற பிள்ளை' என்று விளக்கை அணைக்காமல் இருந்தவர் என்று யாராவது இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்களையும் அந்த மேடையில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. தனியாக யாரும் மேலே வருவதில்லை என்பதை மாணவர்களுக்கு எடுத்துக் காட்ட அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ஆசிரியர்களுக்கு வருவோம். தென்காசி மாவட்டத்துக்குப் பெருமை தந்த செய்தி ஒன்று 2023-இல் வந்தது. வீரகேரளம்புதூர் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை மாலதிக்குத் தேசிய நல்லாசிரியர் விருது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் இருந்து அந்த விருதைப் பெற்றவர்கள் இருவரே. செப்டம்பர் 5-ஆம் தேதி டெல்லியில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அவருக்கு அதை வழங்கினார். மாவட்டம் உருவாகி நான்கு ஆண்டுகூட நிறையாத நேரம் அது. 2019 நவம்பரில்தான் தென்காசி திருநெல்வேலியில் இருந்து பிரிந்தது. கிராமத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் டெல்லி மேடையில் நின்றது, இந்த வட்டாரத்தில் எத்தனையோ ஆசிரியர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. அவர் அந்த விருதுக்கு முழுத் தகுதி உடையவர்.

ஆனால், விருதுக்கான நடைமுறையைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். தேசிய விருதுக்கு 2018 முதல் ஆசிரியர்கள் தாங்களே இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மாநில அரசின் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது 10,000 ரூபாயும் வெள்ளிப் பதக்கமும் பாராட்டுச் சான்றிதழும் கொண்டது. ஆண்டுதோறும் முந்நூறுக்கும் மேற்பட்டோர் அதைப் பெறுகிறார்கள். அதற்கும் விண்ணப்பம், சான்றுகள், புகைப்படங்கள், கோப்பு என்று தயாரிக்க வேண்டும். ஒரு வகையில் இது நல்லது. அதிகாரியின் தயவுக்குக் காத்திருக்க வேண்டாம், யாரும் போட்டியிடலாம். ஆனால் நம்மூர் ஆசிரியரின் இயல்பு என்ன? 'நான் நல்லா வேலை பார்க்கிறேன், எனக்குக் கொடுங்க' என்று எழுதக் கூசுகிறவர்கள்தான் அதிகம். சனிக்கிழமை மதியம் பள்ளி முடிந்தபிறகும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்துத் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வுக்குப் (என்.எம்.எம்.எஸ்.) பயிற்சி கொடுக்கிற ஆசிரியர் எத்தனையோ பேர். அந்தத் தேர்வில் வென்ற பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. ஒரு பீடித் தொழிலாளி வீட்டில் அந்தப் பணம்தான் பெண்ணைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நிறுத்தி வைக்கிறது. அந்த ஆசிரியரிடம் அதைப் படம் எடுத்துக் கோப்பில் வைத்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்.

எனவே, இந்த விருதுகளுக்குப் பெற்றோரும் பழைய மாணவர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவும் பரிந்துரைக்கும் வழி வேண்டும். ஆசிரியர் தம்மைப் பற்றி எழுதும் பத்துப் பக்கத்தைவிட, அவரிடம் படித்து இன்று புளியரை சோதனைச் சாவடியிலோ திருப்பூர் பனியன் கம்பெனியிலோ வேலை பார்க்கும் ஒருவர் கைப்பட எழுதும் அரைப் பக்கத்துக்கு எடை அதிகம். மேலாண்மைக் குழுக்கள் 2022-இல் பெற்றோர் பெரும்பான்மையோடு மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. கழிப்பறை, சுற்றுச்சுவர், தண்ணீர் என்று தீர்மானம் போடும் அந்தக் குழு, ஆண்டுக்கு ஒரு முறை 'இவருக்கு இந்த ஊர் நன்றி சொல்கிறது' என்றும் ஒரு தீர்மானம் போடலாம்.

ஆசிரியர்களிலேயே விருதுப் பட்டியலுக்கு வெளியே நிற்பவர்கள் உண்டு. 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி போன்றவற்றுக்காகத் தமிழகம் முழுவதும் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். படிப்படியாக உயர்ந்து அது 12,500 ரூபாய்க்கு வந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடாத ஆண்டு இல்லை. கலைத் திருவிழாவில் பிள்ளை பரிசு வாங்கினால் அதன் பின்னால் பெரும்பாலும் நிற்பது ஓர் ஓவிய ஆசிரியர். குறுவட்டப் போட்டியில் கபடி அணி ஜெயித்தால் அதிகாலையில் மைதானத்துக்கு வந்து கோடு போட்ட உடற்கல்வி ஆசிரியர். அவர்களுக்கு முதலில் வேண்டியது நியாயமான ஊதியமும் பணிப் பாதுகாப்பும். சால்வை போட்டு அந்தக் கோரிக்கையை மூடிவிட முடியாது, மூடவும் கூடாது. பாராட்டு சம்பளத்துக்குப் பதிலாகாது. ஆனால், ஒருவரின் உழைப்பை ஊரறியச் சொல்லத் தொடங்கினால், அந்த ஊழியருக்கு ஏன் இவ்வளவு குறைவாகக் கொடுக்கிறோம் என்ற கேள்வியும் ஊரில் எழும். அது எழ வேண்டும்.

சத்துணவு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் ஆகியோரை நினைத்துப் பாருங்கள். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாகத் தொடங்கியதில் இருந்து நாற்பது ஆண்டுக்கும் மேலாக அந்த அடுப்பு எரிகிறது. சமையலருக்கு ஒரு விஷயம் தெரியும், வருகைப் பதிவேட்டுக்குத் தெரியாதது. திங்கட்கிழமை மதியம் எந்தப் பிள்ளை இரண்டாம் முறை தட்டை நீட்டுகிறது என்பது. சனி, ஞாயிறு அந்த வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும். கேட்காமலே ஒரு கரண்டி கூடுதலாக விழும். ஒரு பிள்ளை திடீரென்று சாப்பிட வராமல் போனால் முதலில் கவனிப்பதும் அவர்தான். வகுப்பாசிரியரும் சமையலரும் வாரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் பேசிக்கொண்டால் இடைநிற்றலின் முதல் அறிகுறி பல நேரம் அங்கேயே பிடிபடும். அவ்வளவு தெரிந்த ஒருவரை நன்றியுரையின் கடைசி வரியில் பெயரில்லாமல் வைத்திருக்கிறோம்.

தூய்மைப் பணியாளர் கதை இன்னும் கடுமை. மிகக் குறைந்த தொகுப்பூதியம். பல பள்ளிகளில் ஒருவரே எல்லாக் கழிப்பறைகளையும் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகள் கழிப்பறை சுத்தமாக இருந்தால் மாதத்தில் அந்த மூன்று நாளும் பள்ளிக்கு வருவார்கள், இல்லையென்றால் வரமாட்டார்கள். ஒரு பள்ளியின் பெண்கள் வருகை விகிதம் உயர்ந்தால் அதில் அந்தப் பணியாளரின் கை இருக்கிறது. ஆண்டறிக்கையில் வருகை விகிதம் வாசிக்கப்படுகிறது. அவர் பெயர் வாசிக்கப்படுவதில்லை.

நம் தென்மாவட்டங்களில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு, பேசாமல் கடக்க முடியாது. பள்ளிப் பிள்ளைகளின் கையில் சாதிக் கயிறும் மணிக்கட்டில் வண்ணமும் ஏறியதை நாம் பார்த்தோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதிப் பகையால் ஒரு மாணவர் சக மாணவர்களால் வெட்டப்பட்டதற்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை தரப்பட்டது. கயிற்றை அவிழ்க்கச் சொல்வது எளிது. மனதில் உள்ள வரிசையை மாற்றுவது கடினம். யார் மேடையில், யார் தரையில் என்பதைப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறார்கள். அந்தப் பாடத்துக்குப் புத்தகம் தேவைப்படுவதில்லை. ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினருக்குப் போடும் அதே சால்வையைத் தூய்மைப் பணியாளருக்கும் போட்டு, அவரை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் செய்த வேலையை ஒரு நிமிடம் எடுத்துச் சொன்னால், பிள்ளைகளின் கண் முன்னே அந்த வரிசை கொஞ்சம் கலையும். ஒரே விழாவில் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நல்லொழுக்கப் பாடவேளையில் பத்து முறை சொல்வதைவிட இது ஆழமாக இறங்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

தலைமையாசிரியர்கள் சொல்லும் தடைகள் எனக்குத் தெரியாதவை அல்ல. இப்போதே எமிஸ் எனும் கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றம், நலத்திட்டப் பட்டியல், பயிற்சி, கூட்டம் என்று ஆசிரியரின் நேரம் அரைபடுகிறது, இதற்கு ஒரு பதிவேடா என்பார்கள். அரசு சுற்றறிக்கையாக அனுப்பிப் படிவம் போட்டு இதைக் கேட்கவே கூடாது என்பதுதான் என் பதில். படிவம் வந்த அன்றே இது செத்துவிடும். ஆசிரியர் அறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கண்ணில் பட்டதை யார் வேண்டுமானாலும் தேதி போட்டு இரண்டு வரி எழுதலாம். மாணவரும் எழுதலாம். திங்கட்கிழமை காலை வழிபாட்டில் அதில் இருந்து ஒன்றை வாசிக்க ஒரு நிமிடம் ஆகும். ஒருவரைச் சொன்னால் இன்னொருவர் கோபித்துக்கொள்வார் என்பது அடுத்த தடை. அது நிஜம்தான். வருடத்துக்கு ஒரே நாளில் ஒருவரை மட்டும் சொன்னால் கோபம் வரும். வாரம் ஒருவரைச் சொன்னால் நாற்பது வாரத்தில் நாற்பது பேர் வந்துவிடுவார்கள், கோபத்துக்கு இடம் குறையும்.

விருந்தினர்களும் ஒரு காரியம் செய்யலாம். சட்டமன்ற உறுப்பினரோ நகராட்சித் தலைவரோ தொழிலதிபரோ, விழாவுக்கு வரும்போது 'எனக்குச் சால்வை வேண்டாம், உங்கள் பள்ளியில் நீண்ட நாள் வேலை பார்த்தவரைக் காட்டுங்கள், அவருக்கு நான் போடுகிறேன்' என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அரசியல்வாதிக்கும் அதில் நஷ்டமில்லை. ஊர் அதை மறக்காது. பழைய மாணவர் சங்கங்கள் வாட்ஸ்அப் குழுவில் கூடி, குற்றாலத்தில் அறை போட்டு, குளித்து, மதியம் பள்ளிக்கு வந்து ஆசிரியர்களுக்கு மாலை போடுகின்றன. நல்ல வழக்கம். அடுத்த முறை மணி அடித்த அலுவலக உதவியாளரையும், அடிபட்டபோது ஆட்டோவில் ஏற்றித் தென்காசி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோன காவலரையும் விசாரித்துக் கண்டுபிடியுங்கள். பலர் ஓய்வூதியம் இல்லாமல் அதே ஊரில், நாலு தெரு தள்ளித்தான் இருப்பார்கள்.

பத்திரிகையின் மாவட்டப் பக்கத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. பள்ளிகளில் இருந்து வரும் செய்திக் குறிப்புகளில் இப்போது விருந்தினர் பெயர் முதல் பத்தியிலும் மாணவர் பெயர் கடைசிப் பத்தியிலும் இருக்கிறது. இடம் போதாமல் வெட்டும்போது கடைசிப் பத்திதான் போகும். குறிப்பை எழுதி அனுப்பும் ஆசிரியர்கள் அதைத் திருப்பிப் போட்டு எழுதட்டும்: என்ன செய்தார், யார் செய்தார், யார் துணை நின்றார், பிறகு யார் வந்திருந்தார்.

பலகை விஷயத்தை மறக்க வேண்டாம். தலைமையாசிரியர் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகைக்குச் சில ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகாது. பத்தாண்டு, அதற்கு மேல் அந்தப் பள்ளியில் பணியாற்றிய சமையலர், காவலர், ஆய்வக உதவியாளர், தூய்மைப் பணியாளர், பகுதிநேர ஆசிரியர் என எல்லோருடைய பெயரும் அதில் தேதியோடு இருக்கட்டும். மாவட்டத்தில் எந்தப் பள்ளி முதலில் மாட்டுகிறதோ அதைச் செய்தியாக்க மாவட்டச் செய்தியாளர்கள் வருவார்கள். பெயர்களை மட்டும் இப்போதே திரட்டத் தொடங்குங்கள். பழைய பதிவேடுகளில் இவர்களில் பலருக்கு முழுப் பெயர்கூட எழுதப்பட்டிருக்காது, நேரில் போய்க் கேட்டால்தான் கிடைக்கும்.